டிம் குக் சொன்னதும் சொல்லாமல் விட்டதும்

2014 அக்டோபர் 30, வியாழக்கிழமை. புளூம்பெர்க் பிசினஸ்வீக் இதழில் ஆப்பிள் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி டிம் குக் எழுதிய ஒரு சின்னக் கட்டுரை வெளிவந்தது. டீ ஆறுவதற்குள் படித்துவிடலாம், அவ்வளவுதான் நீளம். தான் ஒரு தன்பாலீர்ப்பாளர் என்பதில் பெருமைப்படுவதாகவும், கடவுள் தனக்குத் தந்த பெரிய கொடைகளில் ஒன்றாக அதைக் கருதுவதாகவும் அதில் அவர் எழுதியிருந்தார். அமெரிக்காவின் பெரிய ஐநூறு நிறுவனங்களைத் தொகுக்கும் ஃபார்ச்சூன் 500 பட்டியலில் உள்ள ஒரு நிறுவனத்தின் சிஇஓ நாற்காலியில் இருந்துகொண்டே இதை வெளிப்படையாகச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தியானது அந்த ஒரு வாக்கியம். ஆனால் பெரிய பொறுப்பில் இருப்பவர்களுக்குப் பேச்சும் எழுத்தும் தயாரித்துக் கொடுப்பது என் தொழில் என்பதால், நான் அந்தக் கட்டுரைக்குத் திரும்பத் திரும்பப் போவது வேறு காரணத்துக்காக. தன் வாழ்க்கையின் மிக நெருக்கமான ஒரு விஷயத்தைப் பொதுவில் வைத்துவிட்டு, மிச்சம் அத்தனையையும் கதவுக்கு உள்ளேயே வைத்துக்கொள்வது எப்படி என்பதை அதில் வரிக்கு வரி பார்க்கலாம். தலைவர்களின் தனிப்பட்ட பிராண்ட் பற்றிப் பேச்சு வந்தாலே, "சொந்த விஷயத்தை எவ்வளவு சொல்லலாம்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எவ்வளவு என்பது இரண்டாவது கேள்வி. யாருக்காகச் சொல்கிறோம், சொன்ன பிறகு எங்கே நிறுத்திக்கொள்ளப் போகிறோம் என்று முதலில் முடிவு செய்தவர் குக். அதனால்தான் அவருடைய கதை நின்று பார்க்கத் தகுந்தது.

கட்டுரைக்குள்ளே

ஆரம்பமே தற்காப்பு இல்லாமல் இருக்கும். வேலை வாழ்க்கை முழுக்க ஓரளவு அந்தரங்கத்தைக் காப்பாற்ற முயன்றிருக்கிறேன்; எளிய குடும்பத்திலிருந்து வந்தவன்; என் மேல் கவனம் திரும்புவதை நான் தேடுவதில்லை; ஆப்பிளை ஏற்கெனவே உலகமே உற்றுப் பார்க்கிறது, அந்தப் பார்வை எங்கள் பொருட்கள் மேலேயே இருக்கட்டும் என்று நினைப்பவன். இதுதான் அவர் தரும் அறிமுகத்தின் சாரம். அதற்கப்புறம் மார்ட்டின் லூதர் கிங்கின் ஒரு கேள்வியைக் கொண்டுவருகிறார்: மற்றவர்களுக்காக நீ என்ன செய்துகொண்டிருக்கிறாய்? அந்தக் கேள்வி முன்னால் நின்றபோது, தன் அந்தரங்கத்தைக் காக்கும் விருப்பமே அதைவிட முக்கியமான ஒன்றைச் செய்யவிடாமல் தடுக்கிறது என்று புரிந்ததாகச் சொல்கிறார்.

அடுத்து வருவது நுணுக்கமான இடம். பல ஆண்டுகளாகப் பலருக்கும் இதைச் சொல்லியிருக்கிறேன், ஆப்பிளில் கூட வேலை செய்பவர்கள் நிறையப் பேருக்குத் தெரியும் என்கிறார். ஒருபோதும் மறுத்ததில்லை, ஆனால் பொதுவில் ஒப்புக்கொண்டதும் இல்லை என்கிறார். "மறுத்ததில்லை" என்ற அந்த ஒரு சொல்லை எழுதும் தகுதி அவருக்கு இருந்தது. முன்பு எப்போதாவது ஒரு பேட்டியில் பேச்சை மாற்றுவதற்காக ஒரு பொய் சொல்லியிருந்தாலும், இந்தக் கட்டுரையை அவர் இப்படி எழுதியிருக்க முடியாது.

ஆப்பிள் சிஇஓ இப்படிப்பட்டவர் என்று கேள்விப்படுவது, தான் யார் என்று தனக்குள் போராடிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு உதவுமானால், அதற்காக என் அந்தரங்கத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது தகும் என்பது அவர் போடும் கணக்கு. உடனேயே, அந்தரங்கம் எனக்கு இன்னமும் முக்கியம், அதில் கொஞ்சத்தையாவது கையில் வைத்துக்கொள்ள விரும்புகிறேன் என்றும் எழுதிவிடுகிறார். கதவைத் திறந்த அதே கட்டுரையில், எதுவரைக்கும் திறந்திருக்கிறது என்பதும் பதிவாகிவிட்டது.

தன்னைப் பற்றி அவர் தரும் பட்டியல் ஒன்று உண்டு. பொறியாளர், அங்கிள், இயற்கையை நேசிப்பவர், உடற்பயிற்சிப் பைத்தியம், அமெரிக்கத் தென்மாநிலத்து மகன், விளையாட்டு ரசிகர். இதை நிதானமாகப் படியுங்கள். ஒவ்வொன்றும் உண்மை, ஒவ்வொன்றும் மனிதரை நெருக்கமாக்குகிறது. ஆனால் இதை வைத்து அவர் வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள், துணை உண்டா, விடுமுறைக்கு எங்கே போவார் என்று எதையும் கண்டுபிடிக்க முடியாது. அலுவலகத்தில் கிங், ராபர்ட் கென்னடி இருவருடைய படங்களையும் சட்டம் போட்டு வைத்திருக்கிறேன் என்கிறார். வீட்டுச் சுவரில் என்ன படம் என்று சொல்லவில்லை.

அதற்கு முன்னால் என்ன நடந்தது

அலபாமா மாநிலத்தின் மொபீலில் 1960-இல் பிறந்து, ராபர்ட்ஸ்டேல் என்ற சின்ன ஊரில் வளர்ந்தவர் குக். அப்பாவுக்குக் கப்பல் கட்டும் தளத்தில் வேலை. ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் தொழில்துறைப் பொறியியல், டியூக்கில் எம்பிஏ, ஐபிஎம்மில் பன்னிரண்டு ஆண்டுகள், காம்பேக்கில் கொஞ்ச காலம், 1998-இல் ஆப்பிள். சரக்கிருப்பு, சப்ளை செயின் என்று மேடையில் கைதட்டல் வாங்காத வேலையில் பேர் எடுத்தவர். 2011 ஆகஸ்ட் 24 அன்று ஸ்டீவ் ஜாப்ஸின் இடத்துக்கு வந்தார்.

அந்த ஆண்டு ஏப்ரலிலேயே அமெரிக்காவின் ஒரு தன்பாலீர்ப்பாளர் இதழ், செல்வாக்குள்ளவர்களின் பட்டியலில் அவரை முதலிடத்தில் போட்டிருந்தது. அவரைக் கேட்டுப் போட்டதல்ல. அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. 2014 ஜூனில் சிஎன்பிசி தொலைக்காட்சியின் நேரலை விவாதம் ஒன்றில், ஆப்பிளின் டிம் குக் இதை வெளிப்படையாகவே வைத்திருப்பவர்தானே என்று தொகுப்பாளர் ஒருவர் சொல்லிவிட்டார். சுற்றி இருந்தவர்கள் திகைத்துப் போய் அமைதியானார்கள். இத்தனை பேருக்குத் தெரிந்த விஷயம், ஆனால் யாரும் உரக்கச் சொல்லக் கூடாத விஷயம். எந்த நிமிடமும் வேறு யாரோ ஒருவர் வாயால், வேறு யாரோ ஒருவர் தேர்ந்தெடுத்த நேரத்தில் அது வெளியே வந்திருக்கும்.

ஆனால் குக் அவசரப்படவில்லை. முதலில் தன்னைப் பற்றி அல்லாமல், தான் நம்பும் விஷயங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். 2013 நவம்பரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில், வேலையிடத்தில் பாலின ஈர்ப்பின் அடிப்படையில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் சட்டத்தை ஆதரித்து எழுதினார். டிசம்பரில் ஐ.நா. சபையில் ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் விருதைப் பெற்றுக்கொண்டு பேசும்போது, சிறுவயதில் ஒரு கறுப்பினக் குடும்பத்தின் வீட்டு முற்றத்தில், அவர்களை மிரட்ட இனவெறியர்கள் வைத்த சிலுவை எரிந்ததைக் கண்டதைச் சொன்னார். 2014 பிப்ரவரியில் பங்குதாரர் கூட்டத்தில், லாபம் தராத சுற்றுச்சூழல் வேலைகள் எதற்கு என்று ஒரு அமைப்பின் பிரதிநிதி கேட்டபோது அவருக்குக் கோபமே வந்துவிட்டது. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் விதத்தில் எங்கள் கருவிகளைச் செய்யும்போது நான் வரவைக் கணக்குப் பார்ப்பதில்லை, வரவுக்காக மட்டுமே நான் எதையும் செய்ய வேண்டும் என்றால் நீங்கள் இந்தப் பங்கை விற்றுவிட்டுப் போங்கள் என்றார். ஜூன் மாதக் கடைசியில் சான் பிரான்சிஸ்கோவில் தன்பாலீர்ப்பாளர்கள் நடத்தும் பிரைடு பேரணியில் ஊழியர்களோடு நடந்தார். கட்டுரை வருவதற்கு மூன்று நாள் முன்பு, அக்டோபர் 27 அன்று, சொந்த மாநிலமான அலபாமா கௌரவித்த மேடையிலேயே, சமத்துவத்தில் நம் மாநிலம் மிகவும் மெதுவாகப் போகிறது என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்.

அதே ஆண்டு செப்டம்பரில் இன்னொன்றும் நடந்தது. ஆப்பிளின் இணையச் சேமிப்பான ஐகிளவுடில் திரை நட்சத்திரங்கள் வைத்திருந்த படங்கள் திருடப்பட்டு வெளியான சர்ச்சைக்குப் பிறகு, பயனர்களின் அந்தரங்கம் பற்றி ஆப்பிள் தளத்தில் குக் தன் பெயரில் ஒரு கடிதம் வெளியிட்டார். பயனர்களின் தகவலைச் சேகரித்து விற்பது எங்கள் தொழில் இல்லை என்பது அதன் உள்ளடக்கம். ஆகவே அக்டோபரில் அவர் அந்தரங்கத்தைப் பற்றி எழுதியபோது, அது அவர் வாயில் புதிதாக முளைத்த சொல்லாக இல்லை. நிறுவனம் விற்கும் நம்பிக்கையும் தலைவர் தனக்கென்று கேட்பதும் ஒன்றாக இருந்தன.

ஆள் யார் என்று ஊர் தெரிந்துகொள்ள ஓராண்டு கொடுத்த பிறகுதான் அவர் அந்தக் கட்டுரையை எழுதினார் என்று நான் இதைப் படிக்கிறேன். ஆலோசனையும் கேட்டிருக்கிறார். 2012-இல் இதேபோல வெளிப்படையாகச் சொன்ன சிஎன்என் செய்தியாளர் ஆண்டர்சன் கூப்பரிடம் பலமுறை பேசியதாகவும், அவர் அதைக் கையாண்ட விதம் கண்ணியமாக இருந்ததால்தான் அவரைத் தேடிப் போனதாகவும் பின்னாளில் ஒரு பேட்டியில் குக்கே சொன்னார். தொலைக்காட்சியில் கண்கலங்கும் பேட்டி இல்லை. ஒரு வணிக இதழில், தன் பெயரில், தான் எழுதிய கட்டுரை. கேள்வி கேட்க எதிரே ஆள் இல்லாததால், "துணை யார்? எப்போது தெரியும்? வீட்டில் என்ன சொன்னார்கள்?" என்ற அடுத்தடுத்த கேள்விகளுக்கு அங்கே இடமே இல்லாமல் போயிற்று.

ஜாப்ஸ் விட்டுப்போன பாடம்

குக் அந்தரங்கத்தை இவ்வளவு யோசித்துக் கையாண்டதற்கு ஆப்பிளுக்குள்ளேயே காரணம் இருந்தது. ஜாப்ஸுக்குக் கணையத்தில் கட்டி இருப்பது 2003-இல் தெரிந்தது. 2004 ஜூலை கடைசியில் அறுவை சிகிச்சை முடிந்த பிறகே ஊழியர்களுக்கு மின்னஞ்சல் போனது. 2008-இல் அவர் மேடையில் மெலிந்து தெரிந்தபோது, ஏதோ சாதாரணக் காய்ச்சல் மாதிரி என்று நிறுவனம் சொன்னது. அந்த அக்டோபரில் ஜாப்ஸுக்கு மாரடைப்பு என்று இணையத்தில் யாரோ பொய்யாகப் போட, பங்கு சில நிமிடங்களில் சரிந்து, பிறகு மீண்டது. 2009 ஜனவரி 5 அன்று, ஹார்மோன் கோளாறு, சிகிச்சை எளிதுதான் என்று ஜாப்ஸ் கடிதம் எழுதினார். ஒன்பது நாள் கழித்து, நினைத்ததைவிடச் சிக்கலாக இருக்கிறது என்று விடுப்பில் போனார். அவருக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை நடந்ததை அந்த ஜூனில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதித்தான் உலகம் அறிந்தது.

ஜாப்ஸின் உடம்பு ஜாப்ஸுக்குச் சொந்தம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் உயிரோடு வேலை செய்வதை நம்பித்தான் பலர் அந்தப் பங்கில் பணம் போட்டிருந்தார்கள். வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலாவது ஒரு மாதிரி. "எளிது" என்று சொல்லி, ஒன்பது நாளில் "சிக்கல்" என்று மாற்றியதுதான் நம்பிக்கையை உடைத்தது. 2012 ஏப்ரலில் பெரும் முதலீட்டாளர் வாரன் பஃபெட் தன் பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். முதல் நிலை புராஸ்டேட் புற்றுநோய், உயிருக்கு ஆபத்து இல்லை என்கிறார்கள் மருத்துவர்கள், ஜூலை நடுவிலிருந்து இரண்டு மாதம் தினமும் கதிர்வீச்சு, நிலைமை மாறினால் உடனே சொல்கிறேன். முதலீட்டாளருக்குத் தேவையானது அத்தனையும் இருக்கிறது. வீட்டார் எப்படித் தாங்கினார்கள் என்பது போன்ற ஒரு வரி கிடையாது. அப்படி ஒரு வரியை எழுதச் சொல்லி இன்றைக்கு எத்தனை ஆலோசகர்கள் அவரை நச்சரித்திருப்பார்கள் என்று நினைத்தாலே எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மறைத்ததால் விழுந்தவர்

அந்த சிஎன்பிசி விவாதமே இன்னொரு மனிதரின் கதையை ஒட்டித்தான் நடந்தது. பிபி எண்ணெய் நிறுவனத்தை 1995 முதல் நடத்திய ஜான் பிரவுன், பிரிட்டிஷ் வணிக உலகின் பெரிய பெயர். தன் ஈர்ப்பை நாற்பது ஆண்டுகள் மறைத்தே வைத்திருந்தவர். அதற்கு வலிமிகுந்த பின்னணி உண்டு: அவருடைய அம்மா ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிர் தப்பியவர், அடையாளம் தெரிகிற சிறுபான்மையாக இருப்பது எவ்வளவு ஆபத்து என்று மகனுக்குச் சொல்லியே வளர்த்தவர்.

முன்னாள் துணைவர் ஒரு பத்திரிகையிடம் கதையைக் கொண்டுபோனபோது, பிரவுன் 2007 ஜனவரியில் நீதிமன்றத்தில் தடை கேட்டார். அந்த வழக்கில், இருவரும் லண்டன் பூங்கா ஒன்றில் உடற்பயிற்சி செய்யும்போது சந்தித்ததாகச் சொன்னார். உண்மையில் அறிமுகம் ஒரு இணையதளம் வழியே நடந்தது. இந்தச் சின்னப் பொய் சத்தியப் பிரமாண வாக்குமூலத்துக்குள் போய்விட்டது. மே 1 அன்று தடை விலகியது; அன்றே ராஜினாமா. 41 ஆண்டு பிபி வாழ்க்கை அத்தோடு முடிந்தது. விடைபெறும்போது கிடைக்க வேண்டியிருந்த, சுமார் ஒன்றரைக் கோடி பவுண்டு மதிப்புள்ள பணமும் பங்குகளும் போயின.

குக்கும் பிரவுனும் ஒரே ஆசையோடுதான் இருந்தார்கள்: சொந்த வாழ்க்கை வேறு, தொழில் வேறு. பிரவுனின் ராஜினாமா அறிக்கையிலும் அதே வாக்கியம்தான் இருக்கிறது. ஒருவர் பதில் சொல்லாமல் இருந்தார், இன்னொருவர் தவறான பதிலைச் சொன்னார். என்னிடம் வரும் தலைவர்களிடம் நான் முதலில் பிடிவாதமாகக் கேட்பது இதைத்தான்: சொல்ல விருப்பமில்லாத விஷயத்தைச் சொல்லாதீர்கள், "அது என் சொந்த விஷயம்" என்று சொல்லிவிட்டுப் போங்கள், ஆனால் அதை மூடுவதற்கு ஒரு கதை கட்டாதீர்கள். திருமணம் முறிந்துபோனவர் மேடையில் "என் மனைவியின் ஆதரவு இல்லாமல்" என்று தொடர்ந்து பேசிக்கொண்டிருப்பது, வேலையைவிட்டு நீக்கப்பட்டவர் அதைத் தானே எடுத்த "இடைவேளை" என்று எழுதுவது, இரண்டும் பிரவுன் போன பாதைதான்.

அம்மாவும் பாலும்

நம் ஊரிலிருந்து போனவர்களில் இந்த விஷயத்தில் வேறொரு பாதை எடுத்தவர் இந்திரா நூயி. சென்னையில் பிறந்து, மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி, ஐஐஎம் கல்கத்தா, யேல் வழியே போய், 2006 முதல் 2018 வரை பெப்சிகோவை நடத்தியவர். குக் கட்டுரை எழுதிய அதே 2014-இல், அமெரிக்காவின் ஆஸ்பென் கருத்தரங்க மேடையில் அவர் சொன்ன கதை எல்லோருக்கும் தெரியும். நிறுவனத்தின் பிரசிடென்ட் ஆகப்போகிறேன் என்ற செய்தியோடு இரவு வீட்டுக்கு வந்தால், அம்மா மாடிப்படியில் நின்றுகொண்டு, போய்ப் பால் வாங்கி வா என்கிறார். கோபத்தோடு பாலை வாங்கிவந்து வைத்துவிட்டுச் செய்தியைச் சொன்னால், அந்தக் கிரீடத்தை கராஜிலேயே விட்டுவிட்டு வா, வீட்டுக்குள் நீ மனைவி, மகள், மருமகள், அம்மா என்கிறார்.

நம் வீடுகளில் கேட்ட குரல் அது. அதனால்தான் அந்தக் கதை அவ்வளவு தூரம் போனது. ஆனால் அந்தக் கதையில் நூயி மட்டும் இல்லை. அம்மா இருக்கிறார், அன்று சீக்கிரமே வீட்டுக்கு வந்தும் பால் வாங்கப் போகாத கணவர் இருக்கிறார். அதற்கப்புறம் பல நாள் உலகம் முழுக்க விவாதம் நடந்தது, அந்த அம்மா சொன்னது சரியா தவறா என்று. அதே பேச்சில், நல்ல அம்மா என்று என் மகள்கள் சொல்வார்களா தெரியவில்லை என்றும் நூயி சொன்னார். மேடைக்கு வராதவர்களைப் பற்றி ஊரே தீர்ப்பு எழுதியது.

நூயியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வேலைக்குப் போகும் எத்தனையோ பெண்களுக்கு அந்த நேர்மை தைரியம் கொடுத்தது, மகள்களும் அப்போது வளர்ந்துவிட்டார்கள். என் ஆதங்கம் வேறு. அவரைப் பார்த்து அதேபோல் சொல்ல நினைக்கும் பலர், தங்கள் கதையில் வரும் மற்றவரிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அவருடைய இன்னொரு பழக்கம்தான் எனக்கு அதிகம் பிடித்தது: தன்னிடம் வேலை செய்த மூத்த அதிகாரிகளின் பெற்றோருக்கு, உங்கள் பிள்ளையை எங்களுக்குக் கொடுத்ததற்கு நன்றி என்று கடிதம் எழுதினார். குடும்பத்தை மதிப்பவர் என்ற பெயர் அதிலும் கிடைத்தது. வீட்டுக்குள் கேமரா நுழையவில்லை.

சொன்ன பிறகு

குக்கின் கட்டுரை வந்த அன்று ஆப்பிள் இயக்குநர் குழுத் தலைவர் ஆதரவு அறிக்கை விட்டார். பங்கு விலை பெரிதாக அசையவில்லை. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஜாப்ஸ் நினைவாக வைத்திருந்த ஐபோன் வடிவச் சின்னத்தை, அதை வைத்தவர்களே சில நாளில் எடுத்துவிட்டார்கள். எதிர்ப்பு இருந்தது, ஆனால் கிசுகிசுவுக்கு இனி வேலை இல்லை.

நான் வியந்து பார்ப்பது அடுத்த ஆண்டுகளை. 2015 செப்டம்பரில் ஸ்டீபன் கோல்பேரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இதைப் பற்றிக் கேட்டபோது, பள்ளியில் பிள்ளைகள் கேலிக்கும் கொடுமைக்கும் ஆளாவதை, பெற்றோரே கைவிடுவதைக் கேள்விப்பட்டு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது என்றார். மற்றவர்களுக்குச் செய்யக்கூடியதைவிட என் அந்தரங்கத்தை அதிகம் உயர்த்திப் பிடித்துவிட்டேன் என்று உணர்ந்தேன் என்றார். 2018-இல் சிஎன்என் பேட்டியிலும் அதே பிள்ளைகள், அதே காரணம். பேட்டிக்குப் பேட்டி புதுச் செய்தி ஒன்றைத் தூக்கிப் போடவில்லை. 2015 மார்ச்சில் ஃபார்ச்சூன் இதழிடம், தன் சொத்து முழுவதையும் தானம் செய்யப் போவதாகவும், அதற்கு முன் அண்ணன் தம்பி வழியில் வரும் பத்து வயதுப் பையனின் கல்லூரிச் செலவுக்கு வைத்துவிடுவதாகவும் சொன்னார். கட்டுரையில் தன்னை "அங்கிள்" என்றாரே, அப்படி அவரை அழைக்கும் பையனுக்கு இங்கே ஒரு வயது கிடைத்தது. பெயர் கிடைக்கவில்லை, படம் கிடைக்கவில்லை.

அதிகாலை நாலு மணிக்கு முன்பே எழுந்துவிடுவார், ஜிம்முக்குப் போவார், ஆபர்ன் அணியின் கால்பந்து என்றால் உயிர். இவை எல்லோருக்கும் தெரியும், அவரே சொல்வார். 2013 செப்டம்பரில் தொடங்கிய அவருடைய ட்விட்டர் (இன்றைய எக்ஸ்) கணக்கில் கடைகளும், ஊழியர்களும், கிங் நினைவுநாளும், ஐபோனில் யாரோ எடுத்த படமும்தான் வரும். சலிப்பாக இருக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. ஒரு நிறுவனத்தின் தலைவரை நம்புவதற்கு அவர் வீட்டுச் சமையலறை தெரிய வேண்டியதில்லை என்பதற்கு அந்தக் கணக்கே போதும்.

நம் பக்கத்தில்

கோயம்புத்தூரிலும் சென்னையிலும் நிறுவனம் நடத்துபவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. குடும்பப் பெயரே நிறுவனத்தின் பெயர், மகன் இயக்குநர், மருமகள் மனிதவளத்துறை, கிரகப்பிரவேசத்துக்கு டீலர்கள் வருவார்கள். குக்கைப் போல வீட்டையும் வேலையையும் பிரிப்பது அங்கே நடக்காது. ஆனால் குடும்பத்தில் யார் தொழிலில் இருக்கிறார்கள், யார் இல்லை என்று பிரிக்கலாம். தொழிலில் பொறுப்பு ஏற்றவர் பொதுவில் வரட்டும். பள்ளியில் படிக்கும் பேத்தி வர வேண்டாம். லிங்க்ட்இனில் பிறந்தநாள் படத்தில் பிள்ளையின் சீருடை தெரிகிறது, சீருடையில் பள்ளியின் பெயர் தெரிகிறது, வாசலில் நிற்கும் காரின் எண் தெரிகிறது. லைக் போடும் ஆயிரம் பேரில் யாருக்கு அது எதற்குப் பயன்படும் என்று போடுபவருக்குத் தெரியாது.

சொந்தக் கதையே கூடாதா என்று கேட்பார்கள். தாராளமாகச் சொல்லலாம். திருப்பூரில் முதல் நான்கு தையல் மெஷினை எப்படி வாங்கினார், முதல் ஏற்றுமதி எப்படித் திரும்பி வந்தது, ஊழியர் ஒருவர் எப்படிக் காப்பாற்றினார் என்பதெல்லாம் அவருடைய கதை, அவர் சொல்ல உரிமை உள்ள கதை, கேட்பவருக்கும் உதவும் கதை. அப்பாவின் குடிப்பழக்கத்தைத் தாண்டி வந்தேன் என்பது அப்படியல்ல. அதில் அம்மாவும் தங்கையும் இருக்கிறார்கள். அவர்கள் படித்துப் பார்த்து சரி என்று சொல்லாமல் அதை நான் எழுதிக் கொடுப்பதில்லை. இன்னும் நடந்துகொண்டிருக்கும் விஷயத்தையும் எழுதிக் கொடுப்பதில்லை. சிகிச்சை முடியட்டும், வழக்கு முடியட்டும், பிள்ளை வளரட்டும். நடுவில் எழுதினால், அடுத்து என்ன ஆயிற்று என்று கேட்கும் உரிமையைப் படிப்பவருக்குக் கொடுத்துவிடுகிறோம்.

இதற்கு எதிராக, சமூக ஊடகப் பதிவுகள் எழுதிக் கொடுக்கும் ஏஜென்சிகள் சொல்வது எனக்குத் தெரியும். குடும்பப் படம் போட்டால் ரீச் அதிகம், கண்ணீர்க் கதை போட்டால் இன்னும் அதிகம். உண்மைதான். ஆனால் அதற்காகப் போடட்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த ரீச்சில் வருபவர்கள் வாடிக்கையாளரா, வேலைக்குச் சேரப் போகிறவரா, வங்கி மேலாளரா என்று ஒருமுறை உட்கார்ந்து பார்க்கச் சொல்வேன்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் தலைவருக்கு ஆபத்து வரும் என்பதும் குக்கின் கதையில் இருக்கிறது. பாதுகாப்புக்காக அவர் சொந்தப் பயணம் உட்பட எல்லாப் பயணத்துக்கும் தனி விமானம்தான் பயன்படுத்த வேண்டும் என்று ஆப்பிள் இயக்குநர் குழு 2017-இல் விதித்தது. அந்த நிதியாண்டில் அவருடைய சொந்த விமானப் பயணத்துக்கு சுமார் 93,000 டாலரும், தனிப் பாதுகாப்புக்கு சுமார் 2,24,000 டாலரும் செலவானதாக நிறுவனம் பங்குதாரர்களுக்கான அறிக்கையில் காட்டியது. 2022 ஜனவரியில், அவரைத் தொடர்ந்து தொந்தரவு செய்து, வீடு வரை வந்த ஒருவருக்கு எதிராக ஆப்பிள் கலிபோர்னியா நீதிமன்றத்தில் தடை உத்தரவு வாங்க வேண்டியிருந்தது. வீட்டைப் பற்றி ஒரு வரி எழுதாதவருக்கே இப்படி.

நம் ஊர் நிறுவனங்களில் பதிவு எழுதும் ஏஜென்சி ஒரு பக்கம், பாதுகாப்பைக் கவனிப்பவர் இன்னொரு பக்கம், காலண்டரைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளர் மூன்றாவது பக்கம் இருக்கிறார்கள். மூவரும் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசி நான் பார்த்தது அரிது. முதலாளி சிங்கப்பூரில் இறங்கிய படம் காலையிலேயே வெளியாகிறது; வீட்டில் வயதான அம்மாவும் பிள்ளைகளும் தனியாக இருக்கிறார்கள் என்பது அந்தப் படத்திலேயே இருக்கிறது. பயணப் படங்கள் திரும்பி வந்த பிறகு போகட்டும். வீடு, பள்ளி, மருத்துவமனை, கோயிலுக்குப் போகும் வழக்கமான கிழமை, இவை எதிலாவது தொடும் பதிவுக்குக் கடைசி அனுமதி ஏஜென்சியிடம் இல்லாமல், வீட்டில் இருக்கும் ஒருவரிடம் இருக்கட்டும். வேண்டாம் என்று அவர் சொன்னால் காரணம் கேட்காமல் எடுத்துவிட வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.